உம்முடைய இருபத்திரண்டு வீதம்

வெயிட்டர் சற்று முன்தான் ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கடையில் யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்ததும் தட்டு வரும். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். எழும்பும்போது மிச்சத்தை எண்ணிப் பார்த்து, தின்றதற்கு மட்டும் காசு எடுப்பார்கள். பொரித்த எண்ணெயும் மிளகும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என்னையறியாமல் எதிர்க் கதிரையைப் பார்த்தேன். அதில் என் நனைந்த குடைதான் சாய்ந்திருந்தது.

பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை, ஐசே. நம்முடைய நாள். நீர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. செத்தவரில் பொறாமைப்படுவது அழகில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அவளுக்கு எங்கே தெரியும்? நீர் உயிரோடு இருந்தபோது எனக்கிருந்த பொறாமை வெறும் முற்பணம்தான். முழுத்தொகை இப்போதுதான் வந்திருக்கிறது.

உம்மில் பொறாமைப்பட எனக்கு எப்போதும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது. இருவரும் கண்டியில் ஒரே அரசாங்க அலுவலகத்தில், ஒரே மாடியில் வேலை பார்த்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கணக்காய்வுப் பகுதியில் குந்தியவன். நீர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, படித்து, காணிப் பகுதியில் எழுதுவினைஞராக வந்து சேர்ந்தவர். படிப்பில் நான் ஒரு படி மேல் என்று எனக்குள் ஓர் எண்ணம். ஆனால் அம்பிட்டியவில் நீர் கட்டிய வீட்டு விறாந்தையில் நின்றால் மலை மலையாகத் தெரியும். என் விறாந்தையில் நின்றால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி தெரியும். "அவர் குடுத்து வைச்சவர்" என்பாள் என் மனைவி.

ஓய்வு பெற்றதும் ஒரே வருடம். சம்பளத் தரம் ஒன்று. கைக்கு வந்த பணிக்கொடையும் கிட்டத்தட்ட ஒன்று. இதே மேசையில் இருந்துதான் அந்தப் பந்தயத்தைப் பிடித்தோம். நான் என் காசை வங்கியில் நிலையான வைப்பில் போடப் போகிறேன் என்றேன். நீர் யூனிட் ட்ரஸ்ட் என்றீர். பலருடைய காசைச் சேர்த்துப் பங்குகளிலும் பத்திரங்களிலும் போட்டு, உமக்கு இத்தனை அலகு என்று பிரித்துத் தருகிற அந்த நிதியத்தைப் பற்றி உமக்கு மகள்தான் சொல்லியிருந்தாள்.

"நீங்க ஒங்க வழி, நான் என் வழி மச்சான். வருஷத்துக்கு ஒரு தடவ இங்க வருவோம். யாரு காசு கொறவா வளந்துச்சோ, அவங்க பில்லு."

"எதை வைச்சு அளக்கிறது?" என்று கேட்டேன்.

"அது நீங்கதான் சொல்லணும். நீங்கதானே கணக்கையா."

சொன்னேன். இந்த ஜனவரியில் இருக்கிற தொகையில் போன ஜனவரித் தொகையைக் கழியும், மிச்சத்தைப் போன ஜனவரித் தொகையால் வகுத்து நூறால் பெருக்கும், அதுதான் உம்முடைய வீதம் என்றேன். நீர் கைவிரலில் மடக்கி மடக்கிப் பாடமாக்கினீர். உமக்கு மின்னஞ்சல் கிடையாது; நிதியத்தின் கணக்கு விபரமெல்லாம் கட்டாரில் தாதியாக இருந்த மகளுக்குத்தான் போனது. வருடத்துக்கு ஒருமுறை நீர் அந்த முகவர் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, "இப்ப எவ்வளவுங்க இருக்கு?" என்று கேட்டு, நான் சொல்லித்தந்த மாதிரி வகுத்துக்கொண்டு வருவீர்.

முதல் வருடம் என்னுடையது ஒன்பது. உம்முடையது இருபத்திரண்டு.

"சரியா வகுத்தனீரோ?"

"நீங்களே பாருங்க."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பில்லைக் கொடுத்தேன். போதாததற்கு நீர் இனிப்புக்கு வட்டிலப்பம் வேறு கேட்டீர். "ஒங்களுக்கு வட்டி, எனக்கு வட்டிலப்பம்" என்று சொல்லிவிட்டு, வாயில் கரண்டியோடு நீர் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க, வாவிக்கரை நெடுக, உம்மைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த வருடம் நீர் பத்தொன்பது. அதற்கடுத்த வருடம் மறுபடி இருபத்திரண்டு. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, "சராசரி இருபத்தொண்ணு மச்சான்" என்றீர். உம்முடைய பிழையைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்பிடிக் கூட்டி வகுக்கக் கூடாது ஐசே. ஒரு வருஷம் அம்பது வீதம் ஏறி, அடுத்த வருஷம் அம்பது வீதம் இறங்கினால், கூட்டி வகுக்கச் சைபர் வரும். ஒண்டும் போகேல்லை எண்டு இருப்பீர். ஆனால் நூறு ரூபா நூற்றைம்பதாகி, அதிலை பாதி போனால் கையிலை இருக்கிறது எழுபத்தைஞ்சு. கால்வாசி போச்சு. விளங்குதோ?"

நீர் தலையைச் சொறிந்தீர். தேநீரை ஒரு மிடறு குடித்தீர். "வெளங்குது மச்சான். ஆனா எனக்கு எறங்கவே இல்லையே."

அந்த முறையும் பில் என்னுடையது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பிறருக்குச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். அளவுகோலும் என்னுடையது. ஆனால் அளக்க அளக்க நீளமாக இருந்தது உம்முடைய துணிதான்.

பிறகு, நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம் வந்தது. ரூபா விழுந்தது, வங்கி வட்டி ஏறியது. என் வைப்பு முதிர்ந்து புதுப்பித்தபோது இருபதுக்கு மேல் தந்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இந்தக் கடைப் படி ஏறினேன். நாட்டில் எல்லாரும் அடிபட்டிருக்கிறார்கள், இவருடைய பங்கும் பத்திரமும் படுத்திருக்கும், இந்த முறை வட்டிலப்பம் எனக்கு என்று மனக்கோட்டை. நீர் வந்து உட்கார்ந்தீர். முகத்தைத் துடைத்தீர்.

"எவ்வளவு?" என்றேன்.

"முப்பத்தொண்ணு மச்சான். எனக்கே ஒண்ணும் புரியல."

கையிலெடுத்த ரோல்ஸைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துத்தானோ என்னவோ, சுவரில் புதிதாக ஒட்டியிருந்த விலைப் பட்டியலை நீர் கையால் காட்டினீர். "விடுங்க மச்சான். பிரியாணி வெலைய பாருங்க. போன தடவ ரெண்டு தட்டு வாங்குன காசுக்கு இப்ப ஒண்ணுதான். ஒங்க காசும் வளந்துச்சு, எங் காசும் வளந்துச்சு, பிரியாணி நம்ம ரெண்டு பேத்தையும் தாண்டி போயிருச்சு. ரெண்டு பேரும் தோத்துட்டோம்." வட்டி வீதத்தில் விலைவாசியைக் கழிக்காமல் இலாபம் பேசக்கூடாது என்பது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய சொல். அதையும் நீரே சொல்லிவிட்டீர். ஆறுதலுக்குத்தான் சொன்னீர் என்று தெரிந்தும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த கிழமை நான் வங்கிக்குப் போய் வைப்பை முதிர்வுக்கு முன்பே உடைத்தேன். "ஏன் சேர், வட்டியில ஒரு பகுதி போயிருமே" என்று கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு தரம் கேட்டது. போகட்டும் என்றேன். நேரே உம்முடைய முகவரிடம் போய், உம்முடைய அதே நிதியத்தில், முழுக் காசையும் போட்டேன். ஒரு வருடம் பொறுத்தேன். பொங்கல் வந்தது. எனக்குப் பதினொன்று. உமக்கு இருபத்திரண்டு.

ஒரே நிதியம், ஒரே வருடம், நாளாந்தம் பத்திரிகையில் வருகிற ஒரே அலகு விலை. இந்த மேசையில்தான் கேட்டேன். "எப்பிடி ஐசே? எனக்கு மட்டும் ஏன் பாதி?"

நீர் பாவம் பார்ப்பது போல என் கையைத் தட்டினீர். "நேரம் மச்சான். நீங்க கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க."

அன்றைக்குத்தான் அந்தச் சம்பவமும் நடந்தது, ஞாபகம் இருக்கிறதோ? நாம் கதைத்துக்கொண்டே ரோல்ஸைத் தின்று முடிக்க, புதிதாக வேலைக்கு வந்த வெயிட்டர் ஒருவன் வந்து, நம்மைக் கேட்காமலே தட்டில் நிறைய அடுக்கிவிட்டுப் போனான். கடைசியில் பழைய வெயிட்டர் வந்து எண்ணிப் பார்த்தான். திரும்பவும் எண்ணினான். "சேர், நீங்க ஒண்டும் சாப்பிடல்லையா? வெச்சதுக்கு ரெண்டு கூட இரிக்கி" என்றான். நீர் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தீர். "பாத்தீங்களா மச்சான், திங்கத் திங்க தட்டு கூடுது. இதுதான் நம்ம ஃபண்டு." பிறகு தின்றதை நீரே சொல்லிக் கணக்கைச் சரிப்படுத்தினீர். நானும் சிரித்தேன். பில்லைக் கொடுத்துவிட்டு எழும்பி வந்தேன்.

கண்ணுக்கு முன்னால் தட்டையே வைத்துக் காட்டியும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. முப்பது வருடம் கணக்காய்வு செய்தவன் நான். எந்தக் கணக்குப் பெருத்திருந்தாலும் என் முதல் கேள்வி, "இடையிலை புதுக் காசு ஏதும் வந்ததோ?" என்பதுதான். அலுவலகத்தில் என்னை அதைச் சொல்லியே பகிடி பண்ணுவார்கள். அந்தக் கேள்வியை உம்மிடம் ஒரு வருடமாவது கேட்கவில்லை. உமக்கு எல்லாம் கூடத்தான் வரும் என்று நான் முன்னமே நம்பியிருந்தேன். பொறாமைக்காரனைப் போல நம்புகிற ஆள் உலகத்தில் இல்லை, ஐசே.

ஓகஸ்டில், பெரஹரா ஊர்வலக் கூட்டம் கலைந்த கிழமையில் நீர் போனீர். நெஞ்சு வலி என்று படுத்தவர் எழும்பவில்லை. மகள் கட்டாரிலிருந்து வந்தாள். தேவாலயத்தில் ஒரு மாத நினைவுத் திருப்பலி முடிந்து, அம்பிட்டிய வீட்டு விறாந்தையில், அந்த மலையைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். தாயும் இல்லாத வீட்டில் அவள்தான் எல்லாருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டு திரிந்தாள். ஆட்கள் போனபிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்களும் அப்பாட ஃபண்டுலதானே இருக்கீங்க. அப்பாட காச எடுக்கவா, அப்பிடியே விடவா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்திலும் என் மனம் உம்முடைய வீதத்தைத்தான் தேடியது. இத்தனை வருடமும் மொத்தமாக என்னை எவ்வளவு தூரம் முந்தினார் என்று ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் அலுவல் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"அதுக்கு முதல் எவ்வளவு, இப்ப எவ்வளவு எண்டு தெரியவேணும் பிள்ளை. முதல் எவ்வளவு போட்டது?"

"முதல்னா... அப்பா போட்டதா மாமா, நான் போட்டதா?"

"நீ எப்ப பிள்ளை போட்டனீ?"

"மாசா மாசம். அப்பா ஃபண்டுல சேந்த நாள்லருந்து."

கையிலிருந்த கோப்பையை நான் கீழே வைத்தேன்.

"கைல குடுத்தா அவர் வாங்கவே மாட்டாரு மாமா. கட்டிக்குடுத்த புள்ள காசுல ஒக்காந்து திங்க மாட்டேன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாரு. அதுக்குத்தான் அந்த ஃபண்டுல சேரச் சொன்னேன். எங்கருந்தும் அதுல காசு போடலாம், அப்பாவுக்குத் தெரியாது. சம்பளம் கூடக் கூட நானும் கூட்டிப் போட்டேன். வருஷா வருஷம் போன் பண்ணி, 'புள்ள, ஒங்கப்பன் இந்த வருஷமும் அந்தக் கணக்கையாவ அடிச்சுட்டேன்டி'ன்னு சொல்லுவாரு. அவ்வளவு சந்தோசம் அவருக்கு."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் சொல்லிராதீங்க மாமா. அப்பா கெட்டிக்காரராவே இருக்கட்டும்."

யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. உமக்கு மட்டும் சொல்கிறேன். பொறுக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை அவள் தந்த விபரத்தோடு மேசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு மாதமும் போன காசுக்கு அதனதன் வயது இருக்கிறதல்லவா? முதல் மாதம் போட்டது முழுக் காலமும் உழைத்திருக்கும். போன மாதம் போட்டது ஒரு மாதம்தான் உழைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வீதத்தை வைத்து வளர்த்துப் பார்த்து, கடைசித் தொகை வருகிற வரையில் அந்த வீதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். அப்படி வருவதுதான் உம்முடைய காசின் உண்மையான உழைப்பு. மிச்சமெல்லாம் யாரோ தட்டில் அடுக்கிவிட்டுப் போனது. அந்த முப்பத்தொன்றுக்கும் காரணம் கிடைத்தது: ரூபா விழுந்த வருடம், அவளுடைய அதே கட்டார்ச் சம்பளம் இங்கே ஏறக்குறைய இரட்டிப்பாக வந்து விழுந்திருக்கிறது. நாம் இருவரும் சுவரிலே பிரியாணி விலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் அங்கே இரவு வேலை செய்து உமது தட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

விடை வந்தது. உமக்கு ஒன்பதுக்குக் கீழே. எனக்கு, வைப்பை உடைத்து இழந்ததையும் சேர்த்துக் கழித்த பிறகும், பத்துக்கு மேலே. நான் வென்றுவிட்டேன், ஐசே. இத்தனை வருடமும் வென்றுகொண்டே பில் கொடுத்திருக்கிறேன்.

கதிரையை விட்டு எழும்பி, வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தேன். சிரிப்புக்கூட வந்தது. என் மனைவி குசினிக்குள் இருந்து, "என்னப்பா, லொத்தர் விழுந்ததோ?" என்று கேட்டாள். அந்தச் சந்தோஷம் மேசையிலிருந்த தேநீர் ஆறுகிற வரைக்கும்தான் நின்றது.

ஏனென்றால் எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். மெல்பேர்ணில் இருக்கிறான், நல்ல உத்தியோகம், நல்ல பெடியன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒருமுறை போனில் கேட்பான்: "அப்பா, காசு ஏதும் வேணுமோ?" நான் "வேண்டாம் ராசா" என்பேன். அவன் "சரியப்பா" என்பான். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை அவன் ஒரு தரம்கூட நம்பாமல் விட்டதில்லை. நீரும் வேண்டாம் என்றுதான் சொன்னீர். உம்முடைய மகள் நம்பவில்லை. ஏமாற்றிக் கொடுக்கிறதுக்கு வழி தேடினாள், கண்டுபிடித்தாள், வருடக்கணக்கில் மூச்சுக் காட்டாமல் செய்தாள்.

மலை தெரிகிற விறாந்தையை நான் மன்னித்திருப்பேன். இருபத்திரண்டு வீதத்தையும் மன்னித்திருப்பேன்; அது பொய் என்று கடதாசியில் காட்டவும் முடியும். இதை என்ன செய்வது? ஏமாற்றப்பட்டதுகூடத் தெரியாமல், கெட்டிக்காரன் என்ற நினைப்போடு போய்ச் சேர்ந்தீரே, அந்தக் கொடுப்பினையை எந்த வீதத்தில் போட்டு வகுப்பது? என்னை இப்படி ஏமாற்ற இந்த உலகத்தில் ஒருவரும் இல்லையே என்று நினைக்கும்போது உம்மில் எனக்கு வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது இந்தச் சென்மத்தில் ஆறாது. சாகும்வரை அதைச் சுமந்துகொண்டுதான் திரியப்போகிறேன்.

நிதியத்தை என்ன செய்வது என்று மகள் கேட்டதற்கு, உமக்குத் தெரியவேண்டும், ஒழுங்கான பதில்தான் சொன்னேன். விடு பிள்ளை, வளரட்டும், ஆனால் நீ போடுகிறதையும் அது வளர்கிறதையும் வேறு வேறாகப் பார் என்றேன். அவள், "இனி போட மாட்டேன் மாமா. யாருக்குப் போட?" என்றாள்.

சற்று முன்னர், இரண்டாவது ரோல்ஸைக் கடிக்கும்போது, போன் அடித்தது. மகன்தான். பொங்கலுக்கு எடுக்க நேரமில்லாமல் போய்விட்டதாம். அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டான், கண்டியில் மழையோ என்று கேட்டான். பிறகு வழக்கமான கேள்வி.

"அப்பா, காசு ஏதும் வேணுமோ?"

"வேண்டாம் ராசா" என்றேன். சொல்லிவிட்டுப் போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி இருந்தேன். இந்த ஒரு தரமாவது நம்பாமல் விடுவானோ என்று பார்த்தேன்.

"சரியப்பா" என்றான்.

இப்போது வெயிட்டர் வந்து தட்டிலிருப்பதை எண்ணுகிறான். ஒருமுறைதான் எண்ணினான். வைத்ததில் தின்றதைக் கழிக்கச் சரியாக வருகிறது, ஒன்றும் கூடவில்லை. இந்த வருடமும் நீர்தான் வென்றீர், மச்சான். பில்லைக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போகிறேன்.